சாரல் விழுகிற ஏரியா

1

தென்காசியில் ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால் எந்தத் தெரு என்று கேட்பார்கள். தெருவைச் சொல்லிவிட்டால் சாதியைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. மெல்பர்னில் எந்த ஏரியா என்று கேட்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டால் சம்பளத்தைக் கேட்க வேண்டியதில்லை. பத்து வருடத்துக்கு மேலாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் ஏரியாவின் பெயரைச் சொன்னதும், "அங்கேயா, ரொம்ப அழகான இடமாச்சே" என்பார்கள். அழகான இடம் என்று ஒருவர் சொன்னால், அவர் அங்கே வீடு எடுக்க மாட்டார் என்று அர்த்தம்.

இந்த வருடம் அந்தக் கேள்வியை என் தம்பி இசக்கிமுத்து கேட்டான். தென்காசியிலிருந்து போன். மெல்பர்னில் வேலை கிடைத்துவிட்டது, விசாவும் வந்துவிட்டது, மனைவி பிரியாவோடும் ஐந்து வயது மகள் யாழினியோடும் வைகாசிக் கடைசியில் கிளம்புகிறான்.

"அக்கா, எந்த ஏரியால வீடு பாக்கட்டும்? இங்கன ஆளுக்கொண்ணு சொல்லுதாவ. ஒருத்தன் வெஸ்டுங்கான், ஒருத்தன் ட்ரெயினுக்குப் பக்கத்துலங்கான்."

"மொதல்ல வந்து எறங்குலே. பொறவு பாக்கலாம்" என்றேன்.

போனை வைத்துவிட்டுச் சமையலறையில் அப்படியே நின்றேன். எனக்கு வேண்டிய பதில் எனக்குத் தெரியும். அவன் என் தெருவில் வந்து இருக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கென்று மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான். இத்தனை வருடத்தில், கொதிக்கிற ரசத்தை ஒரு தூக்கில் ஊற்றி ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுக்கிற தூரத்தில் எனக்கு ஒரு மனிதர் இருந்ததில்லை. அந்த ஆசையைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் போனில் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதற்கு நாங்கள் ஏரியா பார்த்த கதையைச் சொல்ல வேண்டும்.

2

நாங்கள் வந்த புதிதில் ஒரு மாதம் கடையநல்லூர்க்காரர் ஒருவர் வீட்டில் இருந்தோம். என் கணவருக்கு வளைகுடாவில் பழக்கமானவர், சாகுல் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். அவர் வீடு நகரத்தின் மேற்கே. நம் ஆட்கள் எல்லாரும் அந்தப் பக்கம்தான். கடைக்குப் போனால் முருங்கைக்காய் கிடைக்கும், கோயில் உண்டு, பள்ளிவாசல் உண்டு, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் உண்டு. "இங்கனயே பாருங்க. நாலு பேரு இருக்காவ, ஒண்ணுன்னா ஓடி வருவாவ" என்றார் அண்ணாச்சி.

அவர் காரில் எங்களைச் சுற்றிக் காட்டினார். தட்டையான பூமி. மரம் கிடையாது. ஒரே அச்சில் வார்த்ததுபோல வீடுகள். வடக்கிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு ஒரு காற்று. என் கணவர் என் பக்கம் குனிந்து, "ஏட்டி, சங்கரன்கோயில் தாண்டி வந்த மாதிரில்லா கெடக்கு" என்றார். "ஆமா, பொட்டக்காடு" என்றேன் நான்.

எங்கள் ஊர்க்காரர்களின் இந்தத் திமிரை மற்றவர்களுக்கு விளக்குவது கஷ்டம். மேற்கே மலை, மலையிலிருந்து அருவி, ஆண்டுக்கு மூன்று மாதம் சாரல். இதில் பிறந்தவர்களுக்குக் கிழக்கே போகப்போக மனிதர்கள் பாவப்பட்டவர்களாகத் தெரிவார்கள். கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்தால்கூட, தண்ணி இல்லாத ஊரு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்தத் திமிரை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தோம். எடைபோடுகிற இடத்தில் அதை யாரும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து நகரத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனோம். மலையடிவாரம். ரயில் பாதை முடிகிற இடம். நெடுநெடுவென்று மரங்கள், மரங்களுக்கு மேலே மேகம் இறங்கி உட்கார்ந்திருந்தது. ஆடி மாதம். நாங்கள் காரிலிருந்து இறங்கவும் தூறல் விழுந்தது. மழை என்று சொல்ல முடியாது. காற்றில் கலந்து முகத்தில் வந்து ஒட்டுகிற பொடித்தூறல்.

எங்கள் அப்பா ஐந்தருவி போகிற வழியில் சீசன் கடை வைத்திருந்தார். துண்டு, சோப்பு, தேங்காய் எண்ணெய், நேந்திரங்காய் சிப்ஸ். சாரல் விழுந்தால் கூட்டம், கூட்டம் வந்தால் வியாபாரம். மலையில் மேகம் உட்கார்ந்துவிட்டால் அப்பா அன்றைக்கு எங்களை அடிக்க மாட்டார். சாரல் பொய்த்த வருடம் எனக்குப் புதுச் சீருடை கிடையாது. தூறலில் நனைந்தால் சளி பிடிக்கும் என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்கள். எங்கள் வீட்டில் தூறல் என்றால் சோறு.

அதனால் அன்றைக்கு நானும் இவரும் அந்த வாசலில் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றோம். வீட்டைக் காட்ட வந்த ஏஜெண்ட் பெரிய குடையோடு ஓடிவந்து, இந்த நாளில் வரச் சொன்னதற்கு மன்னியுங்கள், வெயில் நாளில் இந்த இடம் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். மழைக்குப் பயந்து ஓடிவிடுவோம் என்று நினைத்திருப்பார். இவர் வீட்டுக்குள் போகாமலேயே சரி என்று சொல்லிவிட்டார். நானும் தலையை ஆட்டினேன். அந்த ஏஜெண்டுக்கு அவர் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாக ஒரு வீடு போயிருக்காது.

3

குற்றாலத்தில் சாரல் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். பிறகு வெயில் வரும், பாயையும் தலையணையையும் மொட்டைமாடியில் போட்டு எடுப்போம். இங்கே ஈரம் போவதில்லை. இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும் என்பது யாரும் எங்களுக்குச் சொல்லித் தராத விஷயம். குளுகுளுவென்று காற்று வருகிறதென்று ஆசைப்பட்டுத் தெற்கு ஜன்னல் வைத்த அறைகளைப் படுக்கையறை ஆக்கினோம். அந்த அறைகளில் வருடம் முழுக்க ஒரு கீற்று வெயில் விழவில்லை. முதல் குளிர்காலம் முடிவதற்குள் மகன் கதிரின் அலமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூசணம் பூத்தது. துடைத்தால் போகும், பதினைந்து நாளில் திரும்ப வரும். பெயிண்ட் அடித்தோம், பெயிண்டுக்கு மேலேயும் வந்தது.

கதிருக்கு அப்போது நாலு வயது. இருமல் வந்தது, இளைப்பு வந்தது, இன்ஹேலர் வந்தது. இப்போது அவன் என்னைவிட உயரம். சட்டைப்பையில் இன்ஹேலர் இல்லாமல் அவன் வெளியே போய் நான் பார்த்ததில்லை. டாக்டர் காய்ந்த இடமாகப் பாருங்கள் என்றார். காய்ந்த இடம் மேற்கே இருந்தது. அதற்குள் இவருக்கு இந்தப் பக்கத்துக் குளிர்பதனக் கிடங்கில் வேலை நிரந்தரமாகிவிட்டது. எனக்கு இங்கேயே முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. வாடகைக்கு இருந்த வீட்டையே வாங்கவும் செய்தோம். வாங்கின பிறகு ஏரியா நல்லதா என்று யாரும் கேட்பதில்லை.

சீசன் ஆரம்பித்துவிட்டது என்று வேலையிடத்தில் ஒருமுறை வாய்தவறிச் சொன்னேன். எந்த சீசன், ஃபுட்பாலா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குமேல் விளக்க எனக்கு ஆங்கிலமும் இல்லை, மனசும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், வீட்டை விற்றுவிட்டு மேற்குப் பக்கம் போய்விடலாமா என்று சாப்பாட்டு மேசையில் பேச்செடுத்தேன். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். கதிர் ஆங்கிலத்தில், "நீங்கள் போங்கள். என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள்" என்றான்.

"ஏலே, ஒனக்கு மூச்சு வாங்குதுன்னுதானே சொல்லுதேன்."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று இதை மட்டும் தமிழில் சொன்னான். நான் பேச்சை நிறுத்த வேண்டும் என்றால் அவன் தமிழில் பேசுவான். அவனுக்கு இது வந்து சேர்ந்த ஏரியா அல்ல, ஊர். யார் ஊரை யார் மாற்றச் சொல்வது.

4

இசக்கி ஆனி மாதம் வந்தான். வந்து எங்கள் வீட்டில் தங்கினான். வந்த நாலாம் நாள் யாழினிக்கு இருமல். ஊர் மாறினது, தண்ணி மாறினது என்று நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டோம். பிரியா மட்டும் சொல்லவில்லை. தென்காசியிலேயே சாரல் மாதங்களில் பிள்ளைக்கு இளைப்பு வரும், மருந்தைப் புகையாக ஏற்றுகிற மெஷினைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தாள்.

சனிக்கிழமைதோறும் வீடு பார்த்தோம். கால்மணி நேரம் கதவைத் திறந்து வைப்பார்கள், ஐம்பது பேர் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நுழைவார்கள். விண்ணப்பத்தில் இதற்கு முன் இருந்த வீட்டின் ஓனர் யார் என்று கேட்டிருந்தது. இசக்கி பிறந்ததிலிருந்து ஒரே வீடு. யோசித்துப் பார்த்துவிட்டு அப்பாவின் பெயரைப் போட்டான். ஏஜெண்ட் பெண் போன் செய்து, "ஐசக், உங்கள் ஓனரோடு பேச வேண்டும், நம்பர் தர முடியுமா" என்றாள். இசக்கி போனை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான். "அப்பாகிட்ட பேசணுமாம்" என்றான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு அவன் கண் கலங்கியிருந்தது, நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.

அதே ஏஜெண்ட் அடுத்துக் காட்டிய வீடு எங்கள் தெருவிலேயே இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. நான் தேடவில்லை, யாரிடமும் சொல்லி வைக்கவுமில்லை, தானாகவே காலியானது. நான் கும்பிடாத சாமியெல்லாம் என் பக்கம் திரும்பிவிட்டது என்று நினைத்தேன்.

பார்க்கப் போன அன்றைக்குத் தூறல் போட்டது. இசக்கி வாசலில் நின்றுவிட்டான். ஜெர்கின் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு முகத்தை மேலே தூக்கினான்.

"அக்கா, சீசன் ஆரம்பிச்சிட்டு போலுக்கு."

யாழினி கையை விரித்துக்கொண்டு புல்தரையில் சுற்றினாள். பிரியாகூடச் சிரித்துவிட்டாள். வரிசையில் நின்ற வெள்ளைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்கள். என் தம்பி மட்டும் நனைந்துகொண்டு நிற்கிறான். அந்த முகத்தை நான் இதற்கு முன்னால் இதே ஏரியாவில் ஒருமுறை பார்த்திருக்கிறேன், என் புருஷனிடம்.

"இத எடுத்துருவோம். நீ மூணு வீடு தள்ளி. பிள்ளைய ஒங்கிட்ட விட்டுட்டு இவளும் வேலைக்குப் போவா. வேற என்ன வேணும் சொல்லு" என்றான் இசக்கி.

நான் உள்ளே போனேன். படுக்கையறை தெற்கே பார்த்து இருந்தது. புதுப் பெயிண்ட் வாசனை, அதற்குக் கீழே எனக்குப் பழக்கமான இன்னொரு வாசனை. உள்அலமாரியின் கதவைத் தள்ளிவிட்டு உள்சுவரில் கையை வைத்தேன். சில்லென்று ஈரம். கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். "நல்லாருக்குலே" என்று சொன்னேன்.

5

பொய் சொல்லவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். வீடு நன்றாகத்தானே இருக்கிறது. ஒரு வருடமாவது இருக்கட்டும். ஹீட்டரைப் போட்டுக்கொள்வார்கள், ஜன்னலைத் திறந்து வைப்பார்கள், நான் பக்கத்திலேயே இருக்கிறேன், சொல்லித் தருவேன். எல்லாருக்குமா இளைப்பு வருகிறது. இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே சாயங்காலம் காப்பி போட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கேவலமாக நான் யோசித்ததில்லை, இவ்வளவு ஆசையாகவும் யோசித்ததில்லை.

கூடத்தில் ஹீட்டருக்குப் பக்கத்தில் யாழினி இருமிக்கொண்டிருந்தாள். கதிர் மாடியிலிருந்து இறங்கி வந்தவன் நின்று கேட்டான். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி நிமிர்ந்து உட்கார வேண்டும், எப்படி மூக்கால் இழுத்து வாயால் விட வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தான். அவளுக்கு அவன் பேச்சு புரியவில்லை, ஆனால் அவன் செய்ததைப் பார்த்துச் செய்தாள். என் மகன் அதில் எவ்வளவு தேறியிருக்கிறான் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இசக்கி விண்ணப்பத்தை அனுப்புவதற்குச் செல்போனோடு உட்கார்ந்திருந்தான். "வேண்டாம்லே" என்றேன்.

"என்னது வேண்டாம்?"

"அந்த வீடு. இந்த ஏரியாவே வேண்டாம். வெஸ்டுல பாரு."

அவன் முகம் மாறியது. "நாங்க பக்கத்துல இருந்தா ஒனக்குத் தொந்தரவாக்கும்?"

"ஆமா" என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. எழுந்திருந்து அவனைக் கதிரின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அலமாரியை இழுத்து நகர்த்தினேன். மூன்று வாரத்துக்கு முன்னால், இவர்கள் வருகிறார்களே என்று துடைத்துவிட்ட சுவர். திரும்பக் கறுப்பாக முளைத்திருந்தது. இசக்கி விரலால் தொட்டான், விரலைப் பார்த்தான்.

"அந்த வீட்டுலயும் இதான் இருக்கு. பெயிண்ட் அடிச்சி மறைச்சிருக்கான். நான் கையை வச்சிப் பாத்தேன்" என்றேன்.

"அப்பவே ஏன் சொல்லல?"

நான் கதிரின் பழைய துண்டை எடுத்துச் சுவரைத் துடைக்க ஆரம்பித்தேன். அறை வாசலில் பிரியா நின்றுகொண்டிருந்தாள். அவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மைனி, கதிருக்கு இதுனாலதானா?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் நேராகக் கேட்டதில்லை. டாக்டர்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். "ஆமா" என்றேன்.

இவர் கூடத்தில் டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

6

சாகுல் அண்ணாச்சிதான் மேற்கே அவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தார். ஓனர் வேலூர்க்காரர், அப்பாவோடு பேச வேண்டும் என்று கேட்கவில்லை. பால் காய்ச்சுகிற அன்றைக்குப் போனோம். வழக்கமான பொட்டல், வழக்கமான காற்று. ஜன்னல் முழுக்க வெயில். முன்பின் தெரியாத பெண்கள் புளியோதரையும் கேசரியும் கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் பிரியாவோடு சமையலறையில் பாத்திரம் தேய்த்தார்கள். ஒருத்தி என்னிடம் எந்த ஏரியா என்று கேட்டாள். சொன்னேன். "ஐயோ, அவ்வளவு தூரமா? ஆனா ரொம்ப அழகான இடம்" என்றாள்.

யாழினிக்கு இருமல் நின்றுவிட்டது. மெஷின் பெட்டியோடு அலமாரி மேலே ஏறிவிட்டது என்று பிரியா சொன்னாள். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது நிஜம். "எங்க ஏரியால ஒரு நல்ல பிள்ளை டாக்டர் இருக்காரு மைனி" என்றும் சொன்னாள். வந்து ஒரு மாதம் ஆகவில்லை, எங்க ஏரியா ஆகிவிட்டது. நான் இன்றுவரை என் ஏரியாவை அப்படிச் சொன்னதில்லை.

முதலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தார்கள். பிறகு யாழினிக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாங்கள் போனோம். பிறகு கதிருக்கு மேட்ச், இவருக்கு ஞாயிறு ஷிஃப்ட். நகரத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, நடுவில் பாலம், பாலத்தில் நெரிசல். தென்காசியிலிருந்து மதுரைக்குப் போகிற களைப்பு. தென்காசியில் இருந்தவரை தினமும் வீடியோவில் பேசுவான். ஒரே ஊருக்கு வந்த பிறகு வாரம் ஒருமுறை பேசுகிறான். எப்படியும் பார்க்கப்போகிறோமே என்று இருவரும் நினைத்துக்கொள்கிறோம்.

போன வாரம் பேசினான்.

"யாழினி பள்ளிக்கூடத்துல போன் பண்ணுனாவக்கா. பிள்ளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, எங்க ரெண்டு பேரையும் புடிக்க முடியலன்னா, ஒடனே வாரதுக்கு ஒரு ஆளு பேரு வேணுமாம். ஒன் பேரத்தான் சொன்னேன். வர எவ்வளவு நேரமாவும்னு கேட்டாவ."

"என்ன சொன்ன?"

"ஒண்ணரை, ரெண்டு மணி நேரமாவும்னேன். பக்கத்துல யாரும் இல்லையான்னாவ. அதான், அடுத்த வீட்டுத் தெலுங்குக்காரவ பேரக் கொடுத்துட்டேன். நல்ல ஆளுவதான். ஒனக்கு வருத்தமில்லையே?"

"இதுல என்னலே வருத்தம். நீ செஞ்சதுதான் சரி."

கதிர் முதல் வகுப்பில் சேர்ந்தபோது இதே கேள்வியை என்னிடமும் கேட்டார்கள். எதிர்வீட்டு மார்கரெட் அம்மாளின் பெயரைக் கொடுத்தேன். அன்றைக்கு அவரோடு எனக்குக் கையசைக்கிற பழக்கம்தான் இருந்தது. போன வருடம் அவரை மகள் வந்து முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டாள். இப்போது அவருக்கு அந்த மகளையே அடையாளம் தெரிவதில்லை என்று கேள்வி. பெயரை மாற்ற வேண்டுமா என்று கதிரின் பள்ளிக்கூடத்திலிருந்து இந்த வருட ஆரம்பத்திலேயே கேட்டார்கள். தம்பி வருகிறான், வந்ததும் சொல்கிறேன் என்று தள்ளி வைத்திருந்தேன்.

நேற்று அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண் மறுபடி போன் செய்தாள். பழைய பெயரே இருக்கிறது, அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா, இல்லை வேறு யாருடைய பெயராவது தருகிறீர்களா என்று கேட்டாள். இருக்கிறார், அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன்.